'ஃபுல் போட்டோ இருக்கா?' - ப்ளஸ் சைஸ் டேட்டிங் தளங்களில் எது உண்மையிலேயே இலவசம்?

"ஹாய்... ஃபுல் போட்டோ இருக்கா?"

டேட்டிங் ஆப்பில் இருக்கும் குண்டான ஒருவருக்கு இந்த மெசேஜின் அர்த்தம் உடனே புரிந்துவிடும். 'முகம் ஓகே, மீதியைப் பார்த்துட்டுத்தான் பேசுறதா வேண்டாமான்னு முடிவு பண்ணுவேன்' என்பதுதான் அது. அனுப்பினால் பெரும்பாலும் எதிர்முனை அமைதியாகிவிடும். அனுப்பாவிட்டால், 'ஏதோ மறைக்கிறீங்க' என்று வரும். இரண்டு மூன்று முறை இப்படி ஆன பிறகு, 'நம்மளை மாதிரி ஆட்களுக்குன்னே தனியா ஒரு தளம் இருக்காதா?' என்று கூகுளில் தேட ஆரம்பிப்பது இயல்புதான்.

இருக்கிறது. ஒன்றல்ல, நிறையவே இருக்கின்றன. பெரும்பாலானவை அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இருப்பவர்களை மனதில் வைத்து உருவானவை. 'முற்றிலும் இலவசம்' என்ற பேனரும் கூடவே இருக்கும். தேடினால் முதலில் வருவது 'சிறந்த 10 ப்ளஸ் சைஸ் டேட்டிங் தளங்கள்' வகைப் பட்டியல்கள். அவற்றில் பலவும், நீங்கள் லிங்க்கை கிளிக் செய்து சேர்ந்தால் கமிஷன் வாங்குபவை. அந்தப் பட்டியலில் முதலிடம் என்பது யார் அதிகம் கமிஷன் தருகிறார்கள் என்பதையும் குறிக்கலாம். அதனால், இந்தக் கட்டுரையில் ரேங்க் எதுவும் போடப்போவதில்லை. ஒரு தளத்தை நீங்களே எப்படி எடைபோடுவது என்பதைத்தான் பார்க்கப்போகிறோம். (எடைபோடுவது... சரி, வேறு வார்த்தை கிடைக்கவில்லை.)

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 'குண்டு' என்ற சொல்லை இங்கே திட்டாகப் பயன்படுத்தவில்லை. உயரம், குள்ளம், ஒல்லி என்பதுபோல அதுவும் ஒரு வர்ணனை. 'ஃபேட்' என்ற சொல்லைக் கூச்சமில்லாமல் எடுத்துப் பயன்படுத்தியவர்கள்தான் இந்தத் தளங்களுக்கெல்லாம் முந்தைய தலைமுறை.

ஒரு கணவரின் கோபத்தில் ஆரம்பித்த கதை

1969-ல் அமெரிக்காவில் பில் ஃபேப்ரே என்ற இன்ஜினீயர் ஓர் அமைப்பைத் தொடங்கினார். அவர் குண்டானவர் இல்லை, அவர் மனைவி ஜாய்ஸ் குண்டானவர். மனைவியை உலகம் நடத்திய விதம் அவருக்குக் கோபத்தைக் கொடுத்தது. அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் இன்றும் இயங்கும் 'நாஃபா'. குண்டானவர்களின் உரிமைகளுக்கான அமைப்பு. அதன் உறுப்பினர்கள் ஒருவரையொருவர் சந்திக்கவும், இணை தேடவும்கூட அது வழி செய்து கொடுத்தது. இன்றைய ப்ளஸ் சைஸ் டேட்டிங் ஆப்களின் பாட்டி என்று அதைச் சொல்லலாம்.

பத்தாண்டுகள் கழித்து, 1979-ல் கேரல் ஷா என்பவர் 'பிபிடபிள்யூ' என்ற பத்திரிகையை ஆரம்பித்தார். 'பிக் பியூட்டிஃபுல் வுமன்' என்பதன் சுருக்கம். பெரிய அளவில் நல்ல உடை கிடைக்காத பெண்களுக்கான ஃபேஷன் பத்திரிகை அது. பெண்கள் தங்களுக்குத் தாங்களே பெருமையாக வைத்துக்கொண்ட பெயர். ஆனால் போகப் போக அந்த மூன்றெழுத்தை ஆபாசத் தளங்கள் எடுத்துக்கொண்டன. இன்றைக்கு அதே மூன்றெழுத்தைத் தேடினால், மனிதர்களைத் தேடி வந்தவர்களும் வீடியோ தேடி வந்தவர்களும் ஒரே வாசலில் வந்து நிற்பார்கள்.

தளம் தேர்ந்தெடுப்பதில் முதல் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. வெளியே போர்டு ஒன்று, உள்ளே கடைகள் வேறு வேறு.

'ப்ளஸ் சைஸ் டேட்டிங்' என்ற ஒரே போர்டின் கீழ் குறைந்தது மூன்று வகைக் கடைகள் இருக்கின்றன. முதல் வகை, வழக்கமான டேட்டிங் ஆப்தான்; வருபவர்கள் மட்டும் குண்டானவர்களும் அவர்களை விரும்புபவர்களும். 2015-ல் வந்த 'வூப்ளஸ்' இந்த வகை. இரண்டாவது, பெயரளவில் டேட்டிங், உண்மையில் ஒரு இரவு சந்திப்புகளுக்கானது. மூன்றாவதைத் தெரியாமல் உள்ளே போனால் அதிர்ச்சிதான். எதிராளியின் எடை ஏறுவதிலேயே கிளர்ச்சி அடைபவர்கள், எடை ஏற்றிக்கொள்ள விரும்புபவர்கள் ஆகியோருக்கான தளங்கள் அவை. 'ஃபீடர்', 'ஃபீடீ' என்று அவர்களுக்குத் தனி அகராதியே உண்டு. 'ஃபீபி' போன்ற தளம் இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லியே நடக்கிறது. விருப்பப்பட்டுப் போகும் வயது வந்தவர்கள் விஷயத்தில் எனக்குக் கருத்து இல்லை. ஆனால், 'என்னை நானாகவே ஏற்றுக்கொள்ளும் ஒருவர்' என்று தேடி வந்த இடத்தில், 'இன்னும் பதினைந்து கிலோ ஏத்திக்கோயேன், செலவு நான் பாத்துக்கறேன்' என்று ஒருவர் கேட்டால் அது ஏற்றுக்கொள்வது ஆகாது. 'இளைச்சாதான் கட்டிக்குவேன்' என்று சொன்ன வரனுக்கும் இவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு பேருக்கும் உங்கள் உடம்பை மாற்ற வேண்டும், திசை மட்டும்தான் வேறு.

எந்தக் கடை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பதிவு செய்யும்போது தளம் கேட்கும் கேள்விகளைப் பாருங்க. படிப்பு, வேலை, மொழி, குழந்தைகள் பற்றிய விருப்பம் என்று கேட்டால் ஒரு மாதிரி. எடை, இடுப்பளவு, 'உன் கனவு எடை' என்று மட்டும் கேட்டால் வேறு மாதிரி. முகப்புப் பக்கத்தில் இருக்கும் படங்களையும் கவனிங்க. அதில் பெண்களுக்கு முகம் இருக்கிறதா, கழுத்துக்குக் கீழே மட்டும்தான் இருக்கிறதா? இரண்டு நிமிட வேலை.

'இலவசம்' எங்கே முடிகிறது?

தமிழ்நாட்டில் நமக்கு 'இலவசம்' என்ற சொல் பழக்கம். இங்கே அதன் கணக்கு கொஞ்சம் வேறு.

டேட்டிங் தளத்தில் சேருவது இலவசம், ப்ரொஃபைல் போடுவது இலவசம், மற்றவர்களைப் பார்ப்பது இலவசம். உங்களுக்கு மெசேஜ் வருவதும் இலவசம். அந்த மெசேஜைத் திறந்து படிக்கத்தான் காசு. 'உங்களுக்கு 7 பேர் லைக் போட்டிருக்காங்க' என்று மங்கலான ஏழு படங்களைக் காட்டி, 'யாரென்று பார்க்க அப்கிரேடு செய்யுங்கள்' என்று ஒரு பட்டன். பல வருஷமாக யாரும் திரும்பிப் பார்க்காத ஒருவருக்கு அந்த ஏழு மங்கலான முகங்கள் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்க. பர்ஸ் தானாகத் திறக்கும். அதற்காகவே அமைக்கப்பட்ட இடம் அது.

அந்த ஏழு பேரும் உண்மையான மனிதர்களாக இருந்தால்கூடப் பரவாயில்லை. 2014-ல் அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன், இங்கிலாந்தைச் சேர்ந்த ஜேடிஐ டேட்டிங் என்ற நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தது. அந்த நிறுவனம் 18 டேட்டிங் தளங்களை நடத்தியது. இலவசமாக ஒருவர் ப்ரொஃபைல் போட்டதும், அவர் ஊருக்குப் பக்கத்திலேயே இருப்பதுபோல யார் யாரோ மெசேஜ் அனுப்புவார்கள். பதில் சொல்ல வேண்டுமானால் பணம் கட்ட வேண்டும். கட்டிய பிறகுதான் தெரியும், அனுப்பியது மனிதரே இல்லை, நிறுவனமே உருவாக்கிய போலி ப்ரொஃபைல். 'விர்ச்சுவல் க்யூபிட்' என்று அவற்றுக்குப் பெயர் வைத்து, கண்ணுக்கு எளிதில் படாத சின்ன அடையாளம் ஒன்றையும் போட்டிருந்தார்கள். சந்தா தானாகவே புதுப்பித்துக்கொண்டது வேறு. கடைசியில் 6,16,165 டாலர் கட்ட ஒப்புக்கொண்டது அந்த நிறுவனம்.

அதனால் ஒரு தளத்தில் சேர்ந்ததும் நீங்கள் செய்ய வேண்டிய முதல் சோதனை இதுதான்: போட்டோவே இல்லாமல், பெயரின் முதல் எழுத்தை மட்டும் போட்டு, 'பற்றி' பகுதியைக் காலியாக விட்டு ஒரு ப்ரொஃபைல் தொடங்குங்க. இதற்கென்றே புதிதாக ஒரு மெயில் ஐடி. ஒரு நாள் சும்மா விடுங்க. படமும் இல்லாத, ஒரு வரியும் எழுதாத உங்களுக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஐந்தாறு காதல் மெசேஜ் வந்தால், அவை யாருக்காக எழுதப்பட்டவை? நிச்சயம் உங்களுக்காக இல்லை. கிளம்பிவிடலாம்.

மெசேஜ் எதுவும் வரவில்லை என்றால் அது நல்ல அறிகுறி. அடுத்து, இலவசக் கணக்கிலேயே மூன்று விஷயங்கள் முடிகிறதா என்று பாருங்க. நீங்கள் ஒருவருக்கு எழுத முடிகிறதா, அவர் எழுதியதைப் படிக்க முடிகிறதா, தொல்லை செய்பவரை பிளாக் செய்து புகார் கொடுக்க முடிகிறதா. இந்த மூன்றும் இலவசமாக இருந்தால் அதை இலவசத் தளம் என்று நான் ஒப்புக்கொள்வேன். 'யார் என் ப்ரொஃபைலைப் பார்த்தார்கள்', 'என்னை மேலே காட்டு' போன்ற மற்றதற்கெல்லாம் காசு வாங்கட்டும், அவர்களும் சம்பளம் கொடுக்க வேண்டுமே. சில தளங்களில், காசு கட்டிய உறுப்பினர் உங்களுக்கு எழுதினால் நீங்கள் இலவசமாகவே பதில் சொல்லலாம். பாதி இலவசம்தான் என்றாலும் நேர்மையான பாதி.

பெயர் பல, கிடங்கு ஒன்று

சின்னச் சின்னத் தளங்கள் விஷயத்தில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. 'குண்டானவர்களுக்கு', 'தனியாகக் குழந்தை வளர்ப்பவர்களுக்கு', 'ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு' என்று தனித்தனியாகத் தெரியும் பல தளங்களின் பின்னால் ஒரே நிறுவனம் இருக்கும். பிரிட்டனின் குளோபல் பர்சனல்ஸ் நிறுவனம் 'ஒயிட் லேபிள் டேட்டிங்' என்ற பெயரில் இதையே தொழிலாகச் செய்தது. யார் வேண்டுமானாலும் ஒரு பெயரும் லோகோவும் கொண்டு வந்தால் போதும். தளம், உறுப்பினர் பட்டியல், பணம் வசூலிப்பது எல்லாம் இவர்கள் பொறுப்பு. ஒரே மாவில் இட்லியும் தோசையும் ஊத்தப்பமும் மாதிரி.

இதில் ப்ளஸ் சைஸ் ஆட்களுக்கு என்ன பிரச்னை? நீங்கள் சேர்ந்தது 'குண்டானவர்களை விரும்புகிறவர்கள்' தளத்தில். ஆனால் உங்கள் ப்ரொஃபைல் வேறு பெயருள்ள பொதுத் தளத்திலும் தெரியலாம். அங்கே இருப்பவர் உங்களைத் தேடி வந்தவர் இல்லை. எந்தக் கேலியிலிருந்து தப்பிக்க இங்கே வந்தீர்களோ, அதே கேலி பின்வாசல் வழியாக வந்து நிற்கும். தளத்தின் அடிப்பகுதியில் பொடி எழுத்தில் இருக்கும் நிறுவனத்தின் பெயரைப் பாருங்க. விதிமுறைப் பக்கத்தில் 'நெட்வொர்க்', 'பார்ட்னர் தளங்கள்' என்ற வார்த்தைகளைத் தேடுங்க. 'உங்கள் ப்ரொஃபைல் எங்கள் நெட்வொர்க்கின் பிற தளங்களிலும் காட்டப்படலாம்' என்று இருந்தால், முடிவு உங்களுடையது.

ஒரே கிடங்கு என்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆஸ்திரேலியாவின் க்யூபிட் மீடியா, நாடு, மதம், உடல்வாகு எனப் பிரித்துப் பல டேட்டிங் தளங்களை நடத்தும் நிறுவனம். 'பிபிடபிள்யூ க்யூபிட்' அவற்றில் ஒன்று. 2013 ஜனவரியில் அந்த நிறுவனத்தின் கணினிகளுக்குள் ஹேக்கர்கள் நுழைந்தார்கள். சுமார் 4.2 கோடி கணக்குகளின் பெயர், மெயில், பிறந்த தேதி, பாஸ்வேர்டு எல்லாம் வெளியே போனது, அந்த வருஷக் கடைசியில்தான் உலகத்துக்குத் தெரிந்தது. பாஸ்வேர்டுகளைக் குறியீடாக மாற்றாமல் அப்படியே சேமித்து வைத்திருந்தார்கள். ஆஸ்திரேலியாவின் தனியுரிமை ஆணையம், இது சட்டத்தை மீறிய செயல் என்று பிறகு சொன்னது. உறுப்பினர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அவர்களில் 19 லட்சம் பேரின் பாஸ்வேர்டு, '123456'.

பழைய கதைதான். அந்தப் பட்டியலில் இருந்தவர்களுக்கு அது பழைய கதையாகி இருக்குமா என்பது வேறு விஷயம். டேட்டிங் தளத்துக்கு உங்கள் வழக்கமான மெயிலையும், வங்கிக்குப் பயன்படுத்தும் பாஸ்வேர்டையும் கொடுக்கவே கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை.

மதுரையில் எத்தனை பேர்?

ப்ளஸ் சைஸ் தளம் என்றாலே ஆட்கள் குறைவு. அதிலும் உங்கள் வயது, உங்கள் மொழி, உங்கள் ஊர் என்று வடிகட்டினால், அமெரிக்காவின் பெரிய நகரங்களிலேயே பட்டியல் சீக்கிரம் தீர்ந்துவிடும். நாம் இருப்பது சென்னை, கோவை, மதுரை. அதனால் போட்டோ போடுவதற்கு முன் 50 கிலோமீட்டர், 100 கிலோமீட்டர் என்று வைத்துத் தேடிப் பாருங்க. வருபவர்களில் கடந்த ஒரு மாதத்தில் உள்ளே வந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்க. தளம் விளம்பரத்தில் போடும் 'லட்சக்கணக்கான உறுப்பினர்கள்' உங்களுக்குத் தேவையில்லை, பேருந்தில் போய்ப் பார்க்கும் தூரத்தில் பத்துப் பேர் இருந்தால் போதும்.

பத்துப் பேர்கூட இல்லையென்றால்? என் யோசனை கொஞ்சம் தலைகீழானது. பெரிய, பொதுவான ஆப்பிலேயே இருங்க, ஆனால் முழு உருவப் படத்தை முதல் படமாகவே போடுங்க. 'ஃபுல் போட்டோ இருக்கா?' என்ற கேள்வியே எழாது. லைக் எண்ணிக்கை குறையும், உண்மைதான். ஆனால் வரும் ஒவ்வொரு லைக்கும் உங்களைப் பார்த்துவிட்டு வந்த லைக். பொது ஆப்களிலும் நிலைமை முன்னைவிடக் கொஞ்சம் மாறியிருக்கிறது. 2021 ஜனவரியில் பம்பிள், ஒருவரின் உடல் அமைப்பு, அளவு, தோற்றம் பற்றிய கேலிகளைத் தன் விதிமுறைகளில் வெளிப்படையாகவே தடை செய்தது. கேலி மெசேஜ் வந்தால் படித்து அழுதுவிட்டு டெலீட் செய்யாமல், ரிப்போர்ட் பட்டனை அழுத்துங்க. அதற்கு ஒரு விதி இருக்கிறது.

ப்ளஸ் சைஸ் தளத்தை இரண்டாவது ஜன்னலாக வைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டில் படிக்கும், வேலை பார்க்கும் நம்மூர்க்காரர்கள் என்றால் கணக்கு மாறும். லண்டனிலோ டொரன்டோவிலோ இருப்பவருக்கு அதுவே முதல் ஜன்னலாகவும் இருக்கலாம்.

'அட்மைரர்' என்று சொல்லிக்கொண்டு வருபவர்

இந்தத் தளங்களில் பாதிப் பேர் குண்டானவர்கள், மீதிப் பேர் தங்களை 'அட்மைரர்' என்று அறிமுகப்படுத்திக்கொள்பவர்கள். குண்டான உடலை அழகாகப் பார்க்கிறவர்கள். அப்படி ஒரு ரசனை இருப்பதில் விநோதம் எதுவும் இல்லை. நம் கோயில் சிற்பங்களைப் பார்த்தவர்களுக்கு, ஒல்லி மட்டுமே அழகு என்பது சமீபத்திய ஏற்பாடு என்று தெரியும்.

கேள்வி, அவர் எப்படி ரசிக்கிறார் என்பதில்தான் இருக்கிறது. பேச்சு நான்காவது நாளாகியும் உங்கள் இடுப்பு, உங்கள் தொடை, உங்கள் எடை என்றே போய்க்கொண்டிருந்தால், அவருக்கு உங்களுக்குப் பதில் இதே அளவில் வேறொருவர் இருந்தாலும் போதும். உங்களுக்குப் பிடித்த பாட்டு, உங்கள் பாஸ் மீது உங்களுக்குள்ள கடுப்பு, உங்கள் தங்கையின் கல்யாண டென்ஷன் இதெல்லாம் அவருக்குத் தெரியுமா? ஒருமுறை கேட்டதை மறுநாள் ஞாபகம் வைத்து விசாரிக்கிறாரா?

இதைவிட வலிக்கும் வகை இன்னொன்று. ராத்திரி பதினொரு மணிக்கு மேல் கவிதையாகப் பொழிவார். 'உன்னை மாதிரி அழகியைப் பார்த்ததே இல்லை' என்பார். பகலில், நாலு பேர் இருக்கும் இடத்தில் பார்க்கலாமா என்றால் வேலை இருக்கும், உடம்பு சரியிருக்காது, அம்மா ஊரிலிருந்து வந்திருப்பார். உங்களை விரும்புவதில் அவருக்குப் பிரச்னை இல்லை. விரும்புவதை நண்பர்கள் பார்த்துவிடுவார்களோ என்பதுதான் பிரச்னை. இரண்டு வாரப் பேச்சுக்குள், ஒரு சனிக்கிழமை மதியம் காபி ஷாப்புக்குக் கூப்பிட்டுப் பாருங்க. வருவதும் வராததும் பல மாதக் காத்திருப்பை மிச்சப்படுத்தும். ஆண்களுக்கும் இதே கதைதான். குண்டான ஆணை 'செல்லமா டெடி பேர் மாதிரி இருக்கீங்க' என்று சாட்டில் கொஞ்சிவிட்டு, தோழிகளுக்கு அறிமுகப்படுத்தத் தயங்குபவர்களும் உண்டு.

இதைப் படிக்கும் நீங்கள் அட்மைரர் பக்கம் இருப்பவரா? உங்களுக்கும் ஒரு வார்த்தை. 'எனக்குக் குண்டா இருந்தா ரொம்பப் பிடிக்கும்' என்பதை முதல் மெசேஜாக அனுப்பாதீங்க. அந்தத் தளத்தில் நீங்கள் இருப்பதே அதைச் சொல்லிவிட்டது. அவர் ப்ரொஃபைலில் எழுதியிருக்கும் மூன்று வரியைப் படித்து, அதில் ஒன்றைப் பற்றிக் கேளுங்க. 'குண்டா இருந்தாலும் அழகா இருக்கீங்க' என்ற பாராட்டில் இருக்கும் அந்த '-லும்' கேட்பவருக்குக் குத்தும். எழுத்தில் அனுப்பும் முன் அதை வெட்டிவிடுங்க.

பணம் கேட்பவர், படம் கேட்பவர்

காதல் மோசடி எல்லா டேட்டிங் தளத்திலும் இருக்கிறது. இங்கே அது கொஞ்சம் வேகமாக வேலை செய்யும். நிராகரிப்பையே பார்த்துப் பழகியவரிடம் அன்பாக இரண்டு வாரம் பேசினால், கேட்டதைக் கொடுப்பார் என்று மோசடிக்காரருக்குத் தெரியும். வெளிநாட்டு டாக்டர், எண்ணெய்க் கப்பல் இன்ஜினீயர், மனைவியை இழந்த ராணுவ அதிகாரி எனப் பாத்திரங்கள் பெரிதாக மாறுவதில்லை. கிஃப்ட் அனுப்பினேன், கஸ்டம்ஸில் மாட்டிக்கொண்டது, நாற்பதாயிரம் கட்டினால் வெளியே வரும் என்பது ஒரு திரைக்கதை. கிரிப்டோவில் போட்டால் இரட்டிப்பாகும் என்பது இப்போதைய ரீமேக். அவர் அனுப்பிய படத்தை கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்க. அதே முகம் வேறொரு பெயரில் வந்தால் பேச்சு முடிந்தது. நேரில் பார்க்காத ஒருவருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீங்க, அவர் கதை எவ்வளவு கண்ணீராக இருந்தாலும்.

படம் விஷயம் இன்னும் நுணுக்கமானது. டேட்டிங்குக்குப் போடும் படம், இன்ஸ்டாகிராமிலோ ஃபேஸ்புக்கிலோ லிங்க்டுஇன்னிலோ போடாத புதுப் படமாக இருக்கட்டும். நீங்கள் லென்ஸில் தேடுவதுபோல அவரும் தேடுவார். பழைய படம் என்றால் உங்கள் முழுப் பெயரும் ஆபீஸும் இரண்டு நொடியில் கிடைத்துவிடும். போன் நம்பர் கொடுப்பதிலும் அவசரம் வேண்டாம். நம் நாட்டில் நம்பர் கொடுத்தால் பெயரையும் கொடுத்த மாதிரிதான். ட்ரூகாலர் ஒரு பெயரைச் சொல்லும், யூபிஐ ஆப்பில் அந்த நம்பரைத் தட்டினால் வங்கியில் இருக்கும் பெயரே வந்து நிற்கும். நேரில் சந்திக்கும் வரை ஆப்புக்குள்ளேயே பேசுங்க.

வீடியோ காலில் எதிர்முனையில் இருப்பவர் ஆடையைக் குறைத்து, உங்களையும் குறைக்கச் சொன்னால் கட் செய்துவிடுங்க. அது பதிவாகும். பிறகு, 'உன் கான்டாக்ட் லிஸ்ட் முழுக்க அனுப்பிடுவேன்' என்ற மிரட்டல் வரும். குண்டானவர்களிடம் இந்த மிரட்டலுக்கு ஒரு கூடுதல் முனை உண்டு. 'உன் உடம்பைப் பார்த்து ஊரே சிரிக்கும்' என்பார்கள். வாழ்க்கை முழுக்க எதற்குப் பயந்தாரோ அதையே பிடித்து அழுத்துவது.

ஏற்கெனவே அந்த இடத்தில் மாட்டிக்கொண்டு இதைப் படிப்பவர் இருந்தால், உங்களுக்குத்தான் இந்தப் பத்தி. பணம் கொடுக்காதீங்க. ஒருமுறை கொடுத்தால் மிரட்டல் நிற்காது, தொகைதான் ஏறும். சாட், நம்பர், யூபிஐ ஐடி எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிட்டு அதன் பிறகு பிளாக் செய்யுங்க. பணம் போயிருந்தால் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்க. அது தேசிய சைபர் குற்ற உதவி எண். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க அவர்களுக்கு நேரம் வேண்டும். மத்திய அரசின் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் புகார் பதியலாம். அனுமதி இல்லாமல் அந்தரங்கப் படத்தைப் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி குற்றம். குற்றவாளி அவர்தான், படத்தில் இருப்பவர் இல்லை.

'ஸ்டாப்என்சிஐஐ' என்ற இலவச சேவையும் இருக்கிறது. 2021-ல் பிரிட்டனில் தொடங்கியது, 18 வயது தாண்டிய யாரும் எந்த நாட்டிலிருந்தும் பயன்படுத்தலாம். உங்கள் போனில் இருக்கும் அந்தப் படத்திலிருந்து ஒரு டிஜிட்டல் கைரேகையை உருவாக்கி, அதை மட்டும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற நிறுவனங்களுக்கு அனுப்பும். படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. அதே படத்தை யாராவது அந்தத் தளங்களில் ஏற்ற முயன்றால் அடையாளம் கண்டு தடுக்க அது உதவும். வாட்ஸ்அப்பில் தனிப்பட்ட முறையில் அனுப்புவதை இதனால் தடுக்க முடியாது என்றாலும், பாதி பயத்தைக் குறைக்கும்.

நேரில் பார்க்கும் நாள்

இத்தனையும் தாண்டி ஒருவர் மீது நம்பிக்கை வந்துவிட்டது. சந்திக்கப் போகிறீர்கள். பகல் நேரம், ஆள் நடமாட்டம் உள்ள இடம், சொந்த வண்டியிலோ தனி ஆட்டோவிலோ போய் வருவது, நெருங்கிய ஒருவருக்கு லைவ் லொக்கேஷன் அனுப்புவது. இதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

யாரும் எழுதாத ஒன்றைச் சொல்கிறேன். இடத்தை நீங்களே தேர்ந்தெடுங்க, அங்கே நாற்காலி எப்படி இருக்கும் என்று முன்பே தெரிந்த இடமாக இருக்கட்டும். இரண்டு பக்கமும் கை வைத்த குறுகலான பிளாஸ்டிக் நாற்காலி, தரையோடு போல்ட் அடித்த மேஜை, உயரமான ஸ்டூல் இருக்கும் கஃபே எல்லாம் முதல் சந்திப்புக்கு வேண்டாம். உட்கார முடியுமா என்ற கவலையோடு உள்ளே நுழைபவரால் எதிரில் இருப்பவரைக் கவனிக்கவே முடியாது. சோபாவோ, கை இல்லாத நாற்காலியோ இருக்கும் இடம் நல்லது. நீங்கள் அட்மைரராக இருந்து, இடத்தை நீங்கள் சொல்வதாக இருந்தால், இதை யோசித்துச் சொல்லுங்க. அவர் கேட்காமலேயே நீங்கள் யோசித்தது அவருக்குப் புரியும்.

சந்திப்பு நன்றாகப் போய், இருவரும் தளத்தை விட்டு வெளியேறலாம் என்று முடிவு செய்தால், அல்லது எதுவும் சரிவராமல் வெறுத்துப்போய் வெளியேறினாலும், ஆப்பை மட்டும் அன்இன்ஸ்டால் செய்துவிட்டுப் போகாதீங்க. போனிலிருந்து ஆப் போய்விடும்; உங்கள் ப்ரொஃபைல் அங்கேயே சிரித்துக்கொண்டிருக்கும், காசு கட்டியிருந்தால் சந்தாவும் மாதாமாதம் போய்க்கொண்டிருக்கும். இது சின்ன நிறுவனங்களின் வித்தை மட்டுமில்லை. சந்தாவை ரத்து செய்வதைச் சிக்கலாக்கியது உள்ளிட்ட குற்றச்சாட்டுகள் தொடர்பான வழக்கை முடிக்க, டிண்டரையும் வைத்திருக்கும் மேட்ச் குரூப்பே 2025 ஆகஸ்ட்டில் 1.4 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. முதலில் ப்ளே ஸ்டோரின் சப்ஸ்க்ரிப்ஷன் பகுதியிலும், யூபிஐ ஆப்பின் ஆட்டோபே பகுதியிலும் போய்ச் சந்தாவை நிறுத்துங்க. இரண்டாவது, தளத்தின் செட்டிங்ஸில் 'மறை' என்று இருப்பதை விட்டுவிட்டு, 'அக்கவுன்ட்டை நிரந்தரமாக நீக்கு' என்பதைத் தேடி அழுத்துங்க. அதற்குப் பிறகு ஆப்பை நீக்குங்க. இந்த வரிசை மாறினால், எதை ரத்து செய்ய வேண்டும் என்று தேட மறுபடியும் லாகின் செய்ய வேண்டியிருக்கும்.